மின்கம்பி வழியாக வீட்டுக் கேமராக்களை இணைக்க முடியுமா?

கேள்வி: "எங்கள் வீடு தரைத்தளமும் மாடியுமாக முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியது. வாசல் கேட், மாடிப்படி, பின்புறக் கிணற்றடி ஆகிய மூன்று இடங்களில் கேமரா வைக்க வேண்டும். சுவரைக் கொத்தாமல், இருக்கிற மின்கம்பி வழியாகவே இணைக்கும் பவர்லைன் அடாப்டர் இதற்குப் போதுமா? எந்தக் கேமரா வாங்கலாம்?"

பெரும்பாலும் போதும். ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்கள் வாங்கும் அடாப்டரின் விலையோ வேகமோ அல்ல. உங்கள் வீட்டு வயரிங்தான். திருச்சியில் என் பெற்றோர் வீட்டில் இதே முறையில் கேமராக்களைப் பொருத்திச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அங்கே பார்த்தவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கேபிள் இழுக்க வழியிருக்கும் இடத்துக்குக் கேபிளையே இழுங்கள். ஒரே கேட்6 கேபிளில் படத்தையும் கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தையும் 100 மீட்டர் வரை கொண்டுபோகும் பிஓஇ முறைக்கு ஈடானது இன்னும் வரவில்லை. உங்கள் மாடிப்படிக் கேமராவுக்கு, படிக்கட்டின் ஓரமாகப் பிவிசி கேசிங் ஒட்டிக் கேபிளைக் கொண்டுபோக முடிந்தால் அந்த ஒன்றையாவது அப்படியே செய்துவிடுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டி வைஃபை எட்டாத, கேபிளும் போக முடியாத இடங்களுக்குத்தான் பவர்லைன்.

வீட்டுக் கம்பியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. அதே கம்பியில் ஏறக்குறைய 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உயர் அதிர்வெண்களில் தரவை ஏற்றி, மறுமுனையில் பிரித்தெடுப்பதுதான் இந்த அடாப்டரின் வேலை. ரவுட்டர் பக்கம் ஒன்று, கேமரா பக்கம் ஒன்று என்று ஜோடியாகத்தான் இது இயங்கும். 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி என்ற தரம் இந்த அலைவரிசையைப் பயன்படுத்தியது. 2012இல் வந்த ஏவி2 அதை 86 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டியது. ஜி.எச்.என் என்ற இன்னொரு தரமும் சந்தையில் இருக்கிறது. இந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது என்பதால், எல்லா அடாப்டர்களையும் ஒரே தரத்தில், முடிந்தால் ஒரே நிறுவனத்தினுடையதாக வாங்குவது நல்லது.

பெட்டியின் மேல் 1000, 1200 என்று அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது கம்பியில் பாயக்கூடிய சமிக்ஞையின் உச்ச வேகம். பிழை திருத்தம், மறுபடி அனுப்புதல், எல்லா அடாப்டர்களும் ஒரே கம்பியை மாறி மாறிப் பயன்படுத்துதல் ஆகியவை போக, அதில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்தாலே அந்த வீட்டு வயரிங் நன்றாக இருக்கிறது என்று பொருள். 500, 600 என்று விற்கும் பல அடாப்டர்களில் ஈதர்நெட் போர்ட்டே (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) 100 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு மெகாபிட்). இதில் ஆறுதலான செய்தி, கேமராவுக்கு அவ்வளவு தேவையே இல்லை என்பது. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று எச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில் 4 எம்பிபிஎஸ்ஸிலும், அதற்கு அடுத்து வந்த எச்.265 முறையில் அதில் ஏறக்குறைய பாதியிலும் தெளிவான படம் தரும். உங்களுடைய மூன்றும் சேர்ந்தாலும் 12 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. ஆகவே உங்களுக்கு வேண்டியது அதிக வேகம் அல்ல, இரவு பகலாக அறுந்துபோகாத இணைப்பு.

அந்த இணைப்பைக் கெடுப்பவற்றில் முதலாவது ஃபேஸ். உங்கள் வீட்டுக்கு மும்முனை இணைப்பு இருந்தால், அறைகள் மூன்று ஃபேஸ்களில் பிரிந்திருக்கும். ரவுட்டர் ஒரு ஃபேஸிலும் கேட் விளக்கின் பாயிண்ட் இன்னொரு ஃபேஸிலும் இருந்தால், சமிக்ஞை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித்தான் போக வேண்டும். கம்பிகள் ஒரே பைப்பில் பக்கம் பக்கமாக ஓடும் இடங்களில் கொஞ்சம் கசிந்து தாவும். ஆனால் அப்படிக் கிடைக்கும் இணைப்பு பலவீனமானது, நிலையற்றது. எந்தப் பாயிண்ட் எந்த ஃபேஸில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். "ஒரு ஃபேஸ் போய்விட்டது" என்று தெருவே பேசிக்கொள்ளும் நாளில் எந்த அறைகள் இருண்டன, எந்த அறைகளில் மின்விசிறி ஓடியது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இல்லையென்றால் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் ஒவ்வொரு எம்சிபியாக (சர்க்யூட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, எந்தப் பிளக் பாயிண்ட் அணைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எம்சிபி எந்த ஃபேஸிலிருந்து வருகிறது என்பதை எலக்ட்ரீஷியன் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் வாசல் பாயிண்டும் ஹாலும் வெவ்வேறு ஃபேஸ்களில் இருந்தன. வாசல் சர்க்யூட்டில் விளக்கு ஒன்றும் காலிங் பெல்லும் மட்டுமே இருந்ததால், அந்த எம்சிபியை ஹால் இருக்கும் ஃபேஸுக்கு எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் அடாப்டர் செயலி காட்டிய இணைப்பு வேகம் பல மடங்கு உயர்ந்தது. ஏசி, தண்ணீர் மோட்டார் போன்ற கனமான சுமை உள்ள சர்க்யூட்டை இப்படி மாற்றினால் ஃபேஸ்களுக்கிடையே சுமைச் சமநிலை கெடும் என்பதால், அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இரண்டாவது இன்வெர்ட்டர். இணையத்தில் படிக்கும் வெளிநாட்டுக் குறிப்புகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. நம் வீடுகளிலோ இது இல்லாத வீடு குறைவு. வழக்கமாக ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனிலும், வாசல், தோட்டம், மோட்டார் முதலியவை நேரடி ஈபி லைனிலும் இருக்கும். அப்படி இருந்தால், மின்சாரம் இருக்கும்போதும்கூட இரண்டு அடாப்டர்களுக்கும் நடுவில் இன்வெர்ட்டரின் ரிலேயும் வடிகட்டியும் நின்று சமிக்ஞையை விழுங்கும். மின்சாரம் போனதும் ரிலே திறந்து இணைப்பு முழுவதுமாக அறுந்துவிடும். திருடர்களுக்கு வசதியான நேரமே மின்வெட்டு நேரம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எனவே ரவுட்டர், கேமரா, அவற்றுக்கான அடாப்டர்கள் எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கும்படி பாயிண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். கேட் விளக்கு ஏற்கெனவே இன்வெர்ட்டரில் இருந்தால் அதன் அருகிலேயே ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக்கொள்ளலாம். அடாப்டர் ஒன்று சில வாட்டுகளே எடுப்பதால் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய சதுர அலை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது கம்பியில் அதிக இரைச்சலைக் கொட்டும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை குறைவு. எதுவாக இருந்தாலும், மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் தருணத்தில் கம்பியின் தன்மையே மாறுவதால், அடாப்டர்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளச் சில நொடிகள் எடுக்கலாம்.

மூன்றாவது, வீட்டுச் சாதனங்கள் கம்பியில் ஏற்றும் இரைச்சல். எங்கள் வீட்டில் காலையில் சட்னிக்கு மிக்ஸி ஓடும் நேரத்தில் வாசல் கேமராவின் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்றுவிடும். ரவுட்டர் பக்கத்து அடாப்டரின் பச்சை விளக்கு நிறம் மாறும். மிக்ஸி நின்ற சற்று நேரத்தில் பச்சை திரும்பும். மிக்ஸியின் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் எழும் பொறிதான் காரணம். அந்த அடாப்டர் சமையலறை சர்க்யூட்டிலேயே செருகப்பட்டிருந்தது. அதை ஹாலின் வேறொரு சர்க்யூட்டுக்கு மாற்றியதும் படம் நிற்பது நின்றது. மலிவான எல்இடி பல்புகளும், மொபைல் சார்ஜர்களும், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. ஆகவே அடாப்டரைச் சோதிப்பதைப் பட்டப்பகலில் வீடு அமைதியாக இருக்கும்போது செய்யாதீர்கள். எல்லா விளக்குகளும் டிவியும் ஏசியும் ஓடும் இரவு எட்டு மணிக்கு, கேமரா வைக்கப்போகும் ஒவ்வொரு பாயிண்டிலும் மடிக்கணினியை இணைத்துப் பெரிய கோப்பு ஒன்றை மாற்றிப் பாருங்கள். உண்மையான வேகம் 20 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் நிலையாக இருந்தால் அந்த இடம் தேறும்.

அடாப்டரை எப்போதும் சுவர்ப் பாயிண்டில் நேரடியாகச் செருக வேண்டும். ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அதிலுள்ள வடிகட்டி உயர் அதிர்வெண்ணை இரைச்சல் என்று கருதி அடக்கிவிடும். மாறாக, இரைச்சல் போடும் டிவியையும் சார்ஜரையும் ஸ்பைக் பஸ்டரில் வையுங்கள். அதே வடிகட்டி அப்போது உங்களுக்கு உதவும்.

வாங்கும்போது பிளக்கின் வடிவத்தையும் பாருங்கள். ஏவி2 அடாப்டர்களில் விலை கூடிய வகைகள் ஃபேஸ், நியூட்ரல் கம்பிகளோடு எர்த் கம்பியையும் தரவுப் பாதையாகப் பயன்படுத்துகின்றன. இங்கே கிடைப்பவற்றில் பல ஐரோப்பியப் பிளக்குடன் வருகின்றன. அவற்றின் எர்த் தொடுமுனை நம் மூன்று துளைச் சாக்கெட்டில் எதையும் தொடாது. எர்த் இல்லாமலும் அடாப்டர் வேலை செய்யும், ஆனால் நீங்கள் கூடுதல் விலை கொடுத்த அந்த வசதி கிடைக்காது. பழைய வீடுகளில் சில பாயிண்டுகளுக்கு எர்த் கம்பியே போயிருக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேமராவுக்காக மட்டும் வாங்குபவர் எளிய 600 வகையோடு நின்றுகொள்ளலாம் என்பதே என் கருத்து. முதலில் ஒரே ஒரு ஜோடியை, திருப்பிக் கொடுக்க வழியுள்ள கடையில் வாங்கி, எல்லா இடங்களிலும் சோதித்த பிறகு மீதியை வாங்குங்கள்.

கேமராவில் நான்கு விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டாம்: ஈதர்நெட் போர்ட், மெமரி கார்டு செருகும் இடம், ஓன்விஃப் ஆதரவு, வெளியே வைப்பதற்கு, தூசியையும் நீரையும் தாங்கும் ஐபி66 அல்லது ஐபி67 தரம். வைஃபை மட்டுமே உள்ள மலிவுக் கேமராவை அடாப்டரில் நேரடியாக இணைக்க முடியாது. ஓன்விஃப் என்பது பல நிறுவனங்களுக்கும் பொதுவான தரம்; அது இருந்தால் எதிர்காலத்தில் வேறு நிறுவனத்தின் என்விஆருடனும் (கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டி) இணைத்துக்கொள்ளலாம். லென்ஸைப் பொறுத்தவரை, கடைக்காரர்கள் பொதுவாகக் கொடுக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், ஆனால் 2 மெகாபிக்சலில் மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பது கடினம். கேட் அதைவிடத் தள்ளி இருந்தால் 4 அல்லது 6 மில்லிமீட்டர் கேளுங்கள். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருப்பதால், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெமரி கார்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பவர்லைன் இணைப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் எப்போதாவது சில நொடிகள் அறும். அந்த நேரத்திலும் கேமரா தன்னுள்ளேயே பதிவு செய்துகொண்டிருந்தால் எதுவும் தொலையாது. 2 எம்பிபிஎஸ்ஸில் தொடர்ந்து பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிபி ஆகும், 128 ஜிபி கார்டில் ஐந்து நாள் தங்கும். சிசிடிவிக்கென்றே விற்கும் உயர் ஆயுள் கார்டை வாங்குங்கள். சாதாரணக் கார்டு இடைவிடாத எழுத்தைத் தாங்காது.

கேமராவின் அமைப்புகளில் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) மாறும் முறையில் விடாமல் நிலையான முறைக்கு மாற்றி, 2 எம்பிபிஎஸ், நொடிக்கு 15 பிரேம் என்று வையுங்கள். மாறும் முறையில் மழை பெய்யும்போதும் மரக்கிளை ஆடும்போதும் வேகம் திடீரென்று ஏறி, பலவீனமான இணைப்பைத் திணறடிக்கும். ஆர்டிஎஸ்பி என்ற வீடியோ அனுப்பும் முறை வழியாக என்விஆருக்கு அனுப்பினால், தொலைந்த தரவை மறுபடி அனுப்பாத யூடிபிக்குப் பதில், மறுபடி அனுப்பும் டிசிபியைத் தேர்ந்தெடுங்கள். படம் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் உடையாது.

பாதுகாப்புக்காக வைக்கும் கேமரா பிறர் எட்டிப்பார்க்கும் சன்னலாக ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. பவர்லைன் சமிக்ஞை மீட்டரோடு நின்றுவிடும் என்று நம்ப முடியாது, அடுக்குமாடிக் குடியிருப்பில் அது பக்கத்து வீட்டுக் கம்பிக்கும் போகலாம். ஹோம்பிளக் அடாப்டர்கள் 128 பிட் ஏஇஎஸ் முறையில் தரவைப் பூட்டுகின்றன என்றாலும், ஆலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சாவிதான் இருக்கும். ஒரு அடாப்டரின் "Pair" (ஜோடி சேர்க்கும்) பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடங்களுக்குள் மற்றதன் பொத்தானையும் அழுத்தினால் உங்களுக்கே உரிய புதிய சாவி உருவாகும். மூன்றாவது, நான்காவது அடாப்டர்களையும் இப்படியே சேர்க்க வேண்டும். கேமராவின் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள், ரவுட்டரில் யூபிஎன்பியை (சாதனங்கள் தாமாகவே வெளியிலிருந்து வர வழி திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள், நீங்களாகவும் வெளியிலிருந்து வரும் போர்ட் எதையும் திறந்து விடாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்துத்தான் இணையத்தின் பெரும் பகுதியை முடக்கியது.

உங்கள் கிணற்றடியைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் அறைக்கு வீட்டு மீட்டரிலிருந்து கம்பி போகிறதா, தனி சர்வீஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனி சர்வீஸ் என்றால் பவர்லைன் அங்கே நம்பத்தக்கதாக வேலை செய்யாது. வீட்டுக் கம்பியிலேயே இருந்தாலும் மோட்டார் கிளம்பும்போது இணைப்பு தடுமாற வாய்ப்புண்டு. மாடியிலிருந்து கிணற்றடி நேராகத் தெரியும் என்றால், மாடிப்படிக் கேமராவுக்காக இழுக்கும் கேபிளை அங்கே ஒரு சிறிய பிஓஇ சுவிட்சில் முடித்து, அதிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற வயர்லெஸ் பாலம் (இரண்டு இடங்களைக் கம்பியில்லாமல் நேராக இணைக்கும் கருவி) ஒரு ஜோடியைக் கிணற்றடியை நோக்கிப் பொருத்துங்கள். அப்போது பவர்லைன் அடாப்டர் வாசல் கேட்டுக்கு மட்டுமே தேவைப்படும்.