பிள்ளையின் தட்டும் பெற்றோரின் பாக்கியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளியில் தன் தோழியின் சாப்பாட்டுத் தட்டைக் கல்லாவில் இருந்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ஆறிப்போன சீஸ் சாண்ட்விச் ஒன்றைக் கொடுத்து அனுப்பியதாகச் சொல்லி அழுதாள். தோழியின் வீட்டில் உணவுக் கணக்குக்குப் பணம் கட்டவில்லையாம். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இது தாங்கவில்லை. ஆனால் இங்குள்ள நண்பர் ஒருவர், "கொஞ்சம் வெட்கப்பட வைத்தால்தான் பெற்றோர் பணம் கட்டுவார்கள்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நண்பரின் வாதத்தை அந்தக் கல்லாவின் முன்னால் வைத்தே பார்ப்போம். பிள்ளை வரிசையில் நின்று, சூடான உணவைத் தட்டில் வாங்கிக்கொண்டு, கடைசியில்தான் கல்லாவுக்கு வருகிறது. தன் உணவுக் கணக்கு எண்ணை அழுத்துகிறது. திரையில் பாக்கி தெரிகிறது. பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு பறிபோகிறது. ஒருவருக்குப் பரிமாறிய உணவை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பதால் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். 2014 ஜனவரியில் சால்ட் லேக் சிட்டியின் ஒரு தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய 40 பிள்ளைகளின் உணவு இப்படிக் கொட்டப்பட்டு, அவர்கள் கையில் பழமும் பாலும் கொடுக்கப்பட்டன. சமைத்த செலவில் ஒரு சென்ட்கூட இதனால் மிச்சமாகவில்லை. பெற்றோரின் பாக்கியும் அந்த நொடியில் குறையவில்லை.

அந்தப் பாக்கி எப்படிச் சேர்கிறது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். குடும்ப வருமானம் கூட்டாட்சி அரசின் வறுமைக் கோட்டில் 130 விழுக்காடு வரை இருந்தால் மதிய உணவு இலவசம். 185 விழுக்காடு வரை அதிகபட்சம் 40 சென்ட். அந்த எல்லையைச் சற்றே தாண்டினாலும் முழு விலை. இதற்கான படிவத்தை ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும். சென்ற ஆண்டின் தகுதி புதிய கல்வியாண்டின் முதல் 30 பள்ளி நாட்களுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் படிவம் போய்ச் சேராவிட்டால், இலவசமாக உண்டுவந்த அதே பிள்ளையின் பெயரில் முழு விலை ஏறத் தொடங்கிவிடும். வசதி இருந்தும் கட்டாத பெற்றோர் சிலர் இருக்கலாம்தான். அவர்களுடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் பள்ளியிடம் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, கையில் காசே இல்லாத எட்டு வயதுக் குழந்தையின் முகத்தை வசூல் கருவியாக்குவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.

கல்லாவில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. வராத பாக்கியை உணவுத் திட்டத்தின் கணக்கிலேயே தள்ளுபடி செய்யக் கூட்டாட்சி விதி இடம் கொடுப்பதில்லை. பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, வேறு நிதியிலிருந்து அதை ஈடுகட்ட வேண்டும். அந்த நெருக்கடி படிப்படியாக இறங்கிக் கடைசியில் அவர்கள் தலையில் விழுகிறது. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளராக இருந்த ஃபிலாண்டோ காஸ்டீல், காசில்லாத பிள்ளைகளுக்குத் தன் கைப்பணத்தைக் கட்டியவர். 2016 ஜூலையில் ஒரு காவலர் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அவர் பெயரால் திரண்ட நிதி அந்நகரப் பிள்ளைகளின் பாக்கியை அடைத்தது. அந்த நன்கொடையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அடுத்த கல்வியாண்டில் பாக்கி மறுபடியும் சேரும். 2023இல் மின்னசோட்டா எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி உணவை இலவசமாக்கிய சட்டம்தான் அந்தச் சுழலை அறுத்தது.

உடனே அவ்வளவு தூரம் போக முடியாத மாநிலங்களுக்கு நியூ மெக்சிகோ வழி காட்டியிருக்கிறது. வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்து, சிறுவயதில் பள்ளி உணவுக்கூடத்தின் தரையைத் துடைத்துச் சாப்பிட்ட மைக்கேல் படியா, மாநில செனட்டராக முன்னெடுத்த சட்டம் அங்கே 2017இல் நிறைவேறியது. பாக்கிக்காகப் பரிமாறிய உணவைக் கொட்டக்கூடாது, பிள்ளையின் கையில் முத்திரை குத்தக்கூடாது, வேலை வாங்கக்கூடாது, பணத்தைப் பற்றிப் பெற்றோரிடம் மட்டுமே பேச வேண்டும் என்று அது விதித்தது. முத்திரை என்றதும் மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். 2016இல் அலபாமாவில் ஒரு சிறுவனின் கையில், சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும் என்ற பொருள்பட முத்திரை குத்தியே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கூட்டாட்சி உணவுத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் பாக்கி குறித்த தன் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2017 ஜூலை 1 முதல் விதி. உங்கள் மாவட்டத்தின் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். பாக்கியுள்ள பிள்ளை தட்டோடு கல்லாவுக்கு வந்து நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படித்து, அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். முடிந்தால் உங்கள் நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள்.