நம் ஊர் வெயிலில் ஹீட்டர் வால்வு ஒழுகினால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தாப்பாவில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவனிடம் கார் ஹீட்டரைப் பற்றிக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனாலும் கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பழைய வோல்வோ, சிவிக், கொரோலா இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றின் ஹீட்டர் குமிழை யாரும் தொடுவதே இல்லை. அந்தக் குமிழுக்கு ஏற்ப இன்ஜின் சுடுநீரை ஹீட்டருக்குத் திறந்துவிடுவதுதான் ஹீட்டர் வால்வு. அசையாமல் கிடக்கும் வால்வில் ரப்பர் இறுகிப்போகிறது, பிளாஸ்டிக் பொரிந்துபோகிறது. அப்புறம் ஒருநாள் சொட்டத் தொடங்குகிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா வைத்திருந்த வோல்வோ 240. பயணி பக்கத்துக் கார்பெட் எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஏர்கோன் தண்ணீர் என்கிறார் ஒரு போமன். ஹீட்டர் வால்வு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். கார்பெட்டைத் தூக்கி, ஈரத்தை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். ஏர்கோன் தண்ணீர் என்றால் நிறம் இருக்காது, விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். கூலண்ட் என்றால் வழவழக்கும், ஒரு இனிப்பு வாடை வரும், பச்சையோ சிவப்போ துணியில் தெரியும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவர்கள் ரேடியேட்டரிலும் ரிசர்வ் டாங்கியிலும் மட்டம் குறைகிறதா என்று ஒரு வாரம் கவனிக்க வேண்டும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசியதுபோல ஒரு படலம் வந்து, துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படிந்தால் கூலண்ட் ஆவிதான் என்று சந்தேகப்படலாம்.

ஏர்கோன் தண்ணீர்தான் என்றால் செலவே இல்லை. வெளியே போகும் வடிகுழாயில் அழுக்கு அடைத்திருக்கும். கீழிருந்து மெதுவாகக் காற்று ஊதினால் போதும்.

கூலண்ட் என்றால் தள்ளிப்போடாதீர்கள். வோல்வோ 240-இல் வால்வு இன்ஜின் பக்கம் இல்லை, டாஷ்போர்டுக்கு அடியில், காருக்குள்ளேயே இருக்கிறது. சொட்டுவது ஒருநாள் பீய்ச்சி அடித்தால், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காலில்தான் விழும். உங்கள் காரில் முதலில் செய்ய வேண்டியது, இன்ஜின் பக்கத்திலேயே ஹீட்டருக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவது. எப்படி என்று கீழே பைபாஸ் கேள்வியில் சொல்கிறேன்.

1990களில் வந்த சிவிக். இன்ஜினுக்குப் பின்சுவர்ப் பக்கம் உள்ள வால்வு சொட்டுகிறது. டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் செட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். குறைந்த செலவில் வழி உண்டா?

உண்டு. வால்வு வெளியே இருக்கும்போது, உள்ளே சுடுநீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் கோரை ஏன் மாற்ற வேண்டும்? கோர் ஒழுகினால் கார்பெட் நனையும். உங்களுக்குக் கார்பெட் காய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டாஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை.

வால்வையே குறை சொல்வதற்கு முன் கிளிப்பைப் பாருங்கள். ஒழுகல் மூன்று இடத்தில் வரும்: ஹோஸ் மாட்டும் வாயில், வால்வைத் திருப்பும் தண்டின் ஓரத்தில், வால்வின் இரண்டு பாதி ஒட்டிய கோட்டில். ஹோஸ் வாயில் மட்டும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், தளர்ந்த கிளிப்தான் காரணமாக இருக்கலாம். ஹோஸின் முனை இறுகி வெடித்திருந்தால் அந்த முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, புது கிளிப் போட்டு மாட்டிப் பாருங்கள். தண்டிலோ ஒட்டிய கோட்டிலோ கசிந்தால் வால்வு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்.

வால்வை வாங்கும்போது பலரும் பழைய பாகங்கள் விற்கும் போத்தோங் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் என்றால் சரி. பிளாஸ்டிக்கும் ரப்பரும் உள்ள வால்வை அங்கே வாங்கினால், உங்கள் காரின் வயதே அதற்கும் இருக்கும். நிறுவன முத்திரை இல்லாத புது வால்வு அதைவிட மேல். பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஹோஸின் உள்விட்டம் (பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், அதாவது ஐந்தெட்டு அங்குலம்), எத்தனை வாய், கேபிள் எந்தப் பக்கம் இழுக்கிறது, இந்த மூன்றும் ஒத்துப்போனால் போதும். தண்ணீர் போகும் திசையைக் காட்டும் அம்பு இருந்தால் அதன்படி மாட்டுங்கள். மாட்டியபின் உள்ளே குமிழைக் குளிரின் கடைசிக்குத் திருப்பி, வால்வு முழுக்க மூடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேபிளை இறுக்க வேண்டும்.

பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளையரால் முறுக்கி இழுக்காதீர்கள். ஹீட்டர் கோரின் குழாய் மெல்லிய உலோகம், முறுக்கினால் உடைந்துவிடும். அப்போது உண்மையாகவே டாஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் போகட்டும், அது மலிவு. சில்லறைக் காசு ஹோஸைக் காப்பாற்றப் போய்க் கோரை உடைத்துவிட்டு வருகிறவர்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நமக்கு ஹீட்டரே தேவையில்லையே. வால்வைத் தூக்கிவிட்டு பைபாஸ் செய்தால் இன்ஜினுக்குக் கெடுதலா?

இந்தக் கேள்வியை அனுப்பியவர்கள்தான் அதிகம். என் பதில்: ஒழுங்காகச் செய்தால் கெடுதல் இல்லை. நம் நாட்டில் இதுதான் மிகச் சிக்கனமான வழி. ஹோஸும் கிளிப்பும்தான் செலவு.

ஒழுங்காக என்றால் என்ன? இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாயையும், திரும்பி வரும் குழாயையும் ஒரே ஹோஸால் இணைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக அடைத்துவிடுவது பைபாஸ் ஆகாது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவதற்கு ஹீட்டர் வழியும் ஒரு பாதை. அதை அடைத்தால் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்துக்குச் சுடுநீர் சரியாக வந்து சேராது, அது திறப்பதும் தாமதமாகும். இணைத்துவிட்டால் சுற்று தொடரும், ஹீட்டர் மட்டும் தனியே நிற்கும்.

ஹோஸ் ஹீட்டர் ஹோஸாகவே இருக்க வேண்டும். பூச்செடிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயை மாட்டி வந்த காரும் உண்டு. சூட்டில் அது இளகி, அழுத்தத்தில் ஊதி வெடிக்கும். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஹோஸை வளைக்கும்போது மடிந்துவிடும். மடிந்தால் அடைத்ததற்குச் சமம். வளைவாகவே வார்த்த ஹோஸ் வாங்குங்கள், அல்லது நடுவில் வளைந்த உலோகக் குழாய் போட்டு இருபுறமும் ஹோஸ் மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் மேலோ பெல்ட் மேலோ உரசாமல் கட்டிவையுங்கள்.

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள், கண்ணாடி புகைபோலப் பூத்தால் என்ன செய்வது என்று. ஏர்கோனைப் போடுங்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். குளிருக்கு சுவெட்டர் இருக்கிறது. காரை விற்கும்போது மட்டும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். கழற்றிய பாகங்களைப் பையில் போட்டு காரின் பின்பெட்டியில் வையுங்கள்.

பழைய மெர்சிடிஸ். ஒழுகல் இல்லை, ஆனால் ஏர்கோன் குளிரவே இல்லை. கேஸ் போட்டாகிவிட்டது, கம்ப்ரசரும் மாற்றியாகிவிட்டது.

கம்ப்ரசரைத் தொடுவதற்கு முன் ஹீட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். பழைய மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ கார்களில் மின்சாரத்தில் இயங்கும் ஹீட்டர் வால்வுகள் பலவும் மின்சாரம் வந்தால்தான் மூடும், இல்லாவிட்டால் திறந்தே இருக்கும். உள்ளே ரப்பர் கிழிந்தாலும், வயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும் சுடுநீர் ஹீட்டர் கோரில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏர்கோன் குளிர்விப்பதை அது சூடாக்கிவிடும்.

சோதனை எளிது. இன்ஜின் சூடானதும் உள்ளே குமிழைக் குளிரின் கடைசிக்குத் திருப்பிவிட்டு, வால்வுக்கு அப்பால் கோர் பக்கம் போகும் ஹோஸை மேலாகத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வால்வு மூடவில்லை. முதலில் ஃபியூஸ், அடுத்து வயர், கடைசியாக வால்வு. பழைய மெர்சிடிஸ் மாடல்கள் சிலவற்றுக்கு உள்பாகம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. கடையில் அதைக் கேளுங்கள், முழு வால்வை அல்ல.

ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் போடும் முட்டை வெள்ளைக்கரு, மிளகுத்தூள், ஸ்டாப் லீக் மருந்து. எது நல்லது?

முட்டை நாசி லெமாக்குக்கு நல்லது. இவையெல்லாம் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பிளாஸ்டிக் வால்வுக்கு மேலே எபோக்சி பூசுவதும் அப்படித்தான், வீடு போய்ச் சேரும் வரைக்கும்.

புது வால்வு போட்டாயிற்று. டவுனில் ஒன்றுமில்லை, ஆனால் கேமரன் மலை ஏறும்போது சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது. வால்வில்தான் குறையா?

வால்வில் இருக்க வாய்ப்பு குறைவு. சிஸ்டத்தில் காற்று மாட்டியிருக்கும், அல்லது ரேடியேட்டர் மூடி போயிருக்கும்.

காற்றை எடுக்க, இன்ஜின் நன்றாக ஆறியபின் காரின் முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். மூடியைத் திறந்து, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக நிரப்புங்கள். குமிழைத் திருப்ப மறந்தால் வால்வு மூடியே இருக்கும், கோரில் உள்ள காற்று வெளியே வராது. காற்று எடுக்கும் திருகு இருந்தால் காற்றுக்குமிழி வருவது நிற்கும் வரை திறந்து வையுங்கள். இன்ஜினை மெதுவாக ஓட விட்டு, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நின்றதும் நிரப்பி மூடுங்கள். அடுத்த நாள் காலையில் மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுங்கள்.

மூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்கள் அதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. 0.9 என்றோ 1.1 என்றோ அதில் எழுதியிருக்கும், அது தாங்கும் அழுத்தம். 0.9 பார் அழுத்தம் நின்றால் சமதரையில் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய் அழுத்தம் நிற்கவில்லை என்றால் 100-இலேயே கொதிக்கும். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே 95 டிகிரியே போதும். தெர்மோஸ்டாட் திறப்பதே 82 அல்லது 88 டிகிரியில். ஏற்றத்தில் முழு பாரத்தோடு போகும் காருக்கு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதே எண் உள்ள புது மூடி வாங்குங்கள், கூடுதல் எண் வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்லும் ஆலோசனையையும் கேட்காதீர்கள்.

முள் ஏறும்போது மூடியைத் திறந்துவிடாதீர்கள். ஓரமாக நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டுக் காத்திருங்கள்.

மைவியில் முன்பக்கம் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. ஹீட்டர் வால்வா?

உள்ளூரில் விற்ற மைவியில் ஹீட்டரே கிடையாது. ஏர்கோன் தண்ணீராகத்தான் இருக்கும். ரிசர்வ் டாங்கி மட்டம் குறையவில்லை என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள்.

வால்வு மாற்றும்போது இறக்கிய கூலண்டை மறுபடி ஊற்றலாமா? தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் கலக்கலாமா?

கூலண்ட் புதிதாக இருந்து, சுத்தமான பேசினில் பிடித்திருந்தால் வடிகட்டி ஊற்றலாம். துருநிறமாக இருந்தால் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படியும், அதனால் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கூலண்டின் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய முடியாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, காரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

பேசினை மட்டும் வாசலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். பழையதை மூடியுள்ள புட்டியில் ஊற்றி, பழைய இன்ஜின் ஆயில் எடுத்துக்கொள்ளும் வொர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகத்தான் எடுப்பார்கள்.