மூளைக்கு மின்சாரம் கொடுத்தால் அம்மாவின் பேச்சு திரும்புமா?

கொழும்பு வெள்ளவத்தையில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா "அந்த நீட்டு... அது" என்று தடுமாறுகிறார், மூளைக்கு மின்சாரம் கொடுத்தால் பேச்சு திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாகத் திரும்பாது. ஆனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவலாம்.

முதலில், இது மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் 'ஷொக்' வைத்தியம் அல்ல. உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பொஞ்ச் பட்டைகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லி அம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். பெரும்பாலும் லேசாக அரிக்கும், அவ்வளவுதான். இந்த மின்சாரம் நரம்பு அணுக்களைத் தானாக இயங்க வைப்பதில்லை. இயங்கத் தயாராக வைக்கிறது. அதனால் அதே நேரத்தில் பேச்சுப் பயிற்சியும் நடக்க வேண்டும். சும்மா பட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தால் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது.

மொழியை முதலில் தின்னும் மறதிநோய் வகைக்கு இதைச் சோதித்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயுள்ள 36 பேருக்கு எழுத்துப் பயிற்சியோடு சேர்த்து மின்சாரம் கொடுத்தார்கள். போலி மின்சாரம் பெற்றபோதும், அதாவது பட்டையைக் கட்டிவிட்டு மின்சாரத்தைத் தொடர்ந்து செலுத்தாமல் விட்டபோதும், பயிற்சியால் முன்னேற்றம் இருந்தது. உண்மையான மின்சாரத்தோடு பயிற்சி செய்தபோது பழக்காத சொற்களிலும் முன்னேற்றம் தெரிந்தது, இரண்டு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். நோயின் ஓட்டத்தையும் இது நிறுத்தாது.

இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் முயல வேண்டாம். முதலில் நரம்பியல் வைத்தியரிடம் எந்த வகை நோய் என்று உறுதிசெய்யுங்கள். அப்புறம் தமிழில் பயிற்சி தரக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடுங்கள்; அம்மா சமைப்பது தமிழில்தானே.