நாடுகளுக்கு இடையே நடந்த சின்ன எல்லைத் தகராறுகளில் உங்களை அதிகம் ஈர்த்தது எது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கனடாவும் டென்மார்க்கும் மாறி மாறி மதுப் புட்டி வைத்துவிட்டுப் போன ஹான்ஸ் தீவைத்தான் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் என் ஓட்டு சமிசாலுக்கு. அமெரிக்காவின் எல் பாசோ நகருக்கும் மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகருக்கும் நடுவே கிடந்த சுமார் 600 ஏக்கர் நிலம் அது. இவ்வளவுக்காக இரண்டு பெரிய நாடுகள் ஏறக்குறைய நூறு வருடம் மல்லுக்கட்டின. அசல் வாய்க்கால் வரப்புத் தகராறு. என்ன, வாய்க்காலின் பெயர் ரியோ கிராண்டே.

1848-ல் இரு நாடுகளுக்கும் நடந்த போர் முடிந்தபோது, டெக்சாஸ் பக்கம் அந்த ஆற்றின் நடுப்பகுதிதான் எல்லை என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 1852-ல் இரு தரப்பு அளவையாளர்களும் வந்து ஆறு ஓடும் இடத்தை அளந்து வரைபடமும் போட்டாயிற்று. காகிதத்தில் கோடு நின்றது, ஆறு நிற்கவில்லை. வண்டல் மண்ணில் ஓடும் ஆறு. வருடா வருடம் தென்கரையை அரித்து வடகரையில் மண்ணைச் சேர்த்துக்கொண்டே போனது. 1864-ல் வந்த பெருவெள்ளத்தில் ஒரேயடியாக இன்னும் தெற்கே தள்ளிப்போனது. கடைசியில், மெக்சிகோ பக்கம் நிலம் வைத்திருந்தவர்களின் நிலம் ஆற்றுக்கு வடக்கே, அமெரிக்கப் பக்கம் கிடந்தது. 1881-ல் ரயில் வந்தது, எல் பாசோ மளமளவென்று வளர்ந்தது, அந்த நிலத்திலும் வீடுகளும் கடைகளும் எழும்பிவிட்டன.

சரி, ஆறு நகர்ந்தால் எல்லையும் நகருமா? 1884-ல் இரு நாடுகளும் இதற்கு விதி எழுதின. ரோமானியச் சட்டத்திலிருந்தே வரும் பழைய யோசனைதான். கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து ஆறு நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று ஒரே பாய்ச்சலில் புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆறு இரண்டையும் செய்திருந்தது. 1852 முதல் மெதுவாக, 1864-ல் ஆவேசமாக. வெள்ளத்தில் கரை பாளம் பாளமாக இடிந்து விழுந்தால் அதை அரிப்பு என்பதா, பாய்ச்சல் என்பதா? 1890களின் நடுவில் ஒரு மெக்சிகோ நிலச் சொந்தக்காரர் தன் நிலத்தைத் திரும்பக் கேட்டார். எல்லை ஆணையத்தில் இருந்த இரு நாட்டு ஆணையர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றதால் வழக்கு அப்படியே முடங்கியது.

1909-ல் அமெரிக்க அதிபர் டாஃப்டும் மெக்சிகோ அதிபர் டியாஸும் இந்த இரட்டை நகரத்தில் சந்தித்தார்கள். ஊரெல்லாம் கொடி, தோரணம். சமிசாலில் மட்டும் எந்த நாட்டுக் கொடியும் பறக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அத்தனை பேர் குடியிருக்கிற ஒரு பகுதியை ஒரு நாள் யாருடையதும் அல்லாததாக ஆக்கிவிட்டார்கள்.

மறு வருடம் வழக்கை நடுவரிடம் கொண்டுபோனார்கள். இரு நாட்டு ஆணையர்களோடு கனடாவின் யூஜின் லாஃப்ளர் தலைவராக உட்கார்ந்தார். தீர்ப்பே இறுதி, மேல்முறையீடு கிடையாது என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1911-ல் தீர்ப்பு வந்தது: 1864 வெள்ளத்துக்கு முன் ஆறு நகர்ந்த வரைக்கும் அமெரிக்காவுக்கு, மிச்சம் மெக்சிகோவுக்கு. அமெரிக்கா ஏற்க மறுத்துவிட்டது. நிலம் முழுவதும் யாருக்கு என்றுதான் கேட்டோம், பங்கு போட உங்களுக்கு அதிகாரம் இல்லை, அதோடு 1864-ல் ஆறு எங்கே ஓடியது என்று இப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றது. இந்தக் கடைசி வாதத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் இறுதித் தீர்ப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதகமாக வந்ததும் பின்வாங்கியதை எப்படிப் பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது. மெக்சிகோவில் அந்தக் கோபம் ஐம்பது வருடம் ஆறவில்லை.

ஆறாமல் இருந்ததை ஆற்றியது, என் கணிப்பில், கியூபா. காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பின் கியூபா சோவியத் பக்கம் சாய்ந்துவிட, அமெரிக்காவுக்கு லத்தீன் அமெரிக்காவில் நண்பர்கள் தேவைப்பட்ட நேரம் அது. 1962-ல் கென்னடி மெக்சிகோ போனபோது அதிபர் லோபெஸ் மாதேயோஸ் சமிசாலை எடுத்துப் பேசினார். 1963 ஆகஸ்ட் 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறக்குறைய 1911 தீர்ப்பு சொன்னதுதான். ஆனால் அதைச் செய்த விதம்தான் அழகு. 1864-ல் ஆறு எங்கே ஓடியது என்று தேடவே இல்லை. பேசி முடித்த எல்லையில் ஆற்றையே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இரு நாடுகளும் செலவைச் சரிபாதியாகப் போட்டு, சுமார் ஏழு கிலோமீட்டருக்கு கான்கிரீட் கால்வாய் கட்டின.

இடையில் கோர்டோவா தீவு என்று ஒரு வேடிக்கையும் இருந்தது. 1899-ல் வெள்ளத்தைக் குறைக்க ஆற்றின் ஒரு வளைவைக் குறுக்கே வெட்டியதால், மெக்சிகோவின் ஒரு துண்டு ஆற்றுக்கு வடக்கே போய், எல் பாசோவோடு தரைவழியாக ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் அங்கே கடத்தல் எப்படி நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒப்பந்தத்தில் இதில் பாதி, 193 ஏக்கர், அமெரிக்காவுக்கு வந்தது. சமிசாலின் ஒரு பகுதியோடு, அதை ஒட்டிய வேறு அமெரிக்க நிலமும் சேர்த்து மெக்சிகோவுக்கு 630 ஏக்கர் போனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகக் கைகுலுக்கலோடு நிறுத்திவிடுவார்கள். மெக்சிகோவுக்குப் போன நிலத்தில் சுமார் 5,600 பேர் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள், அதிகம் வசதியில்லாதவர்கள். எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அரசு கொடுத்த தொகையில் அதே மாதிரி வீடு வேறெங்கும் வாங்க முடியவில்லை என்பது பலருடைய குறை. இடிக்காமல் மெக்சிகோவிடம் ஒப்படைத்த கட்டடங்களுக்காக அந்த நாட்டு வங்கி ஒன்று அமெரிக்க அரசுக்குச் சுமார் 47 லட்சம் டாலர் கொடுத்தது. ஆக, கணக்கு வழக்கில் அரசுகள் கறாராகத்தான் இருந்தன.

1968 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சனும் மெக்சிகோ அதிபர் டியாஸ் ஓர்டாஸும் சந்தித்து, ஆற்றைப் புதுக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் எல் பாசோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கான்கிரீட் பட்டை தெரியும், இரு கரையிலும் சமிசால் பெயரிலேயே பூங்காக்கள்.

ஆறு மறுபடி ஓடிப்போனால்? அதற்கும் 1970-ல் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். பிரிந்துபோகும் துண்டு 250 ஹெக்டேருக்குள், அதில் நூறு பேருக்கு மேல் இல்லை என்றால், நிலத்தை இழந்த நாட்டுக்கு மூன்று வருட அவகாசம். அதற்குள் தன் செலவில் ஆற்றைப் பழைய தடத்துக்கே திருப்பிக்கொள்ளலாம். திருப்பாவிட்டால் நிலம் அடுத்த நாட்டுக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பரப்பு இழந்த நாட்டின் பெயரில் வரவாக எழுதி வைக்கப்படும். பின்னாளில் ஆறு எதிர்ப்பக்கம் சாயும்போது அதில் கழித்துக்கொள்ளலாம்.