ஈன்ற அல்பாகாவுக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: பெரு நாட்டில் அல்பாகாக்கள் (ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, கம்பளி தரும் கால்நடைகள்) குட்டி ஈன்ற சில நாள்களிலேயே அவற்றின் கருப்பையை ஸ்கேன் செய்து பார்ப்பது ஏன்?

பதில்: அல்பாகாவின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம் என்பதால், ஆண்டுக்கு ஒரு குட்டி வேண்டுமானால், ஈன்ற சில வாரங்களுக்குள் அது மறுபடியும் சினைப்பட்டாக வேண்டும். ஆண்டிஸ் மலைமேட்டில் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்திலேயே ஈற்றும் இணைசேர்க்கையும் பெரும்பாலும் நடைபெறுவதால், அந்தக் காலம் தவறினால் ஓராண்டு வீணாகிவிடும்.

இவ்விலங்கின் கருப்பை இடம், வலம் என இரு கிளைகளாகப் பிரியும்; இவற்றைக் கொம்புகள் என்பர். கரு ஏறக்குறைய எப்போதும் இடக்கொம்பில்தான் வளர்கிறது. எனவே மருத்துவர், கை நுழைய இடமில்லாத மலக்குடலுக்குள் குழாயில் பொருத்திய ஸ்கேன் கருவியைச் செலுத்தி, பருத்திருக்கும் இடக்கொம்பு வலக்கொம்பின் அளவை நெருங்கிவருகிறதா என்று அளந்து பார்க்கிறார். உள்ளே தேங்கிய திரவம் திரையில் கருமையாகத் தெரியும். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்று வாரமாகியும் அது வற்றாமல், வெண்புள்ளிகள் மிதந்தால் தொற்றைச் சந்தேகிக்கலாம். பொதுவாகச் சுமார் 20 நாள்களில் கருப்பை சுருங்கிவிடும்.

முட்டை உருவாகும் சினைப்பையையும் பார்ப்பார்கள். இணைசேர்ந்த பின்னரே முட்டையை வெளியிடும் விலங்கு இது. பசுவைப்போல் பருவ அறிகுறிக்குக் காத்திருந்து பயனில்லை. முட்டைக் கொப்புளம் (சினைப்பையில் முட்டையைச் சுமந்து வளரும் திரவப் பை) 7 மி.மீ. அளவேனும் வளர்ந்திருந்தால்தான் இணைசேர்க்கை பலன் தரும். கொப்புளம் தயார், கருப்பை ஆறவில்லை என்ற நிலையில் இணைசேர்க்கையைத் தள்ளிவைப்பதே முறை.