இலங்கையில் 18, 19 வயதுப் பையன் கேஸில் மாட்டினால் அவனைப் பெரிய ஆளாகத்தான் நடத்துவார்களா?

பெரிய ஆளாகத்தான். சட்டத்தில் இடையில் ஒரு படி இருக்கிறது. ஆனால் அது பையனுக்குக் கிடைப்பதற்குள் அவன் படவேண்டியதைப் பட்டுவிடுவான்.

என் தம்பிக்கு அப்போது 19. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவனின் ஓட்டோவில் பின்னால் ஏறிப் போனான். ஓட்டோவுக்குள் திருட்டு போன் இரண்டு. பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினார்கள். தம்பிக்குச் சிங்களம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு, வாசிக்கத்தான் ஓர் எழுத்தும் தெரியாது. (கொழும்பில் வளர்ந்த எங்களில் பலர் இப்படித்தான்.) "கையெழுத்து வை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள் அக்கா" என்றான். போனது 14 நாள் விளக்கமறியலுக்கு, அதாவது தீர்ப்புக்கு முன்பே உள்ளே வைக்கும் காவலுக்கு.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் 18, 19 வயதுக்காரர்களுக்குப் பொருந்தாது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், 22 வயதுக்குக் கீழ்ப்பட்ட இளைஞர்களைச் சிறைக்குப் பதிலாகப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப இடம் தருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் குற்றவாளி என்று தீர்த்த பிறகுதான் அது வருகிறது. வழக்கே தொடங்காத என் தம்பி படுத்தது நாற்பது வயதுக்காரர்கள் நடுவில். தண்டனை பெற்றவனின் வயதைப் பார்க்கிறவர்கள் சந்தேகத்தில் பிடித்தவனின் வயதைப் பார்க்காதது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே முதல் நாளே ஓடுங்கள். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. பிறப்புச் சான்றிதழ், படிக்கிறவன் என்றால் பாடசாலைக் கடிதம், பிணையாட்களுக்குக் கிராம சேவகர் சான்றிதழ், எல்லாம் சட்டத்தரணியின் கையில் இருக்கவேண்டும். எங்கள் ஆள் முதல் தவணையில் வயதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த தவணையில் உயர்தரப் பரீட்சை அனுமதி அட்டையைக் காட்டிய பிறகுதான் பிணை கிடைத்தது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் கொழும்பு புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

தம்பி திரும்பி வந்தபோது விரல் இடுக்கெல்லாம் சிரங்கு. அது இரண்டு கிழமையில் ஆறிவிட்டது. சவர்க்காரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் கடதாசியில் மூன்று போன் நம்பர். "வெளியே போனதும் எடு, வேலை இருக்கு" என்று உள்ளே யாரோ கொடுத்ததாம். அம்மா அதைக் காஸ் அடுப்பில் காட்டிக் கொளுத்தினார். அதில் இரண்டை அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.