கொல்லைப்புறக் கோழிக்கூடும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பத்து நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு நாங்களே கட்டிய கூடு சென்ற அடைமழையில் ஒழுகியது, சாரலும் அடித்தது. நான்கு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். சாரல் நின்றது, ஆனால் விடியற்காலையில் கூட்டைத் திறந்தால் கண் எரிகிறது, கோழிகள் தும்முகின்றன. புதிதாகக் கட்ட எண்ணுகிறோம். எப்படிக் கட்டலாம்?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: கண் எரியக் காரணம், ஈரமான எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு. கோழியின் புது எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். இரவு முழுவதும் பதினொரு பறவைகள் விடும் மூச்சிலும் ஈரம் உண்டு. தார்ப்பாய் வெளி ஈரத்தைத் தடுத்தது. உள் ஈரத்தையும் வெளியேற விடாமல் அடைத்துவிட்டது. மழையைத் தடுக்க வேண்டியது கூரையின் இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு. கூட்டின் பக்கங்கள் காற்றுக்கு உரியவை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக் கட்டினால் பாதி வேலை முடிந்தது.

முழு வளர்ச்சியடைந்த கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். பகலில் கோழிகளைத் திறந்துவிடுவீர்களானால் 6 அடி நீளம், 4 அடி அகலம் உங்களுக்குப் போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் நேரே உள்ளே இறங்காது. கிழக்கு, மேற்குக் குறுஞ்சுவர்களை மேல்வரை அடைத்துவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஓரடிச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் கம்பிவலை அடியுங்கள். உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வருவதால், கிழக்கே சுவர் தாங்கிக்கொள்ளும். சாரலின் முழு வேகமும் வடக்கு வலையின் மீதுதான் விழும். எனவே கூரையை ஒரே சரிவாக, தெற்கே உயர்த்தி வடக்கே தாழ்த்தி வேய்ந்து, வடக்கு இறவாணத்தை 2 அடியாவது வெளியே நீட்டுங்கள். பலத்த சாரலின்போது வடக்கில் மட்டும் சாக்குப்படுதாவை இறக்கலாம். அப்போதும் மேலே ஒரு சாண் இடைவெளி விடவேண்டும், தெற்குப் பக்கத்தை மூடவே கூடாது.

தகரம் போடுவதானால் ஆணித் துளையை மடிப்பின் மேட்டில் போடவேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடிவரும் நீர் முழுவதும் அத்துளையைக் கடந்தே போகும்; எத்தனை ரப்பர் வாஷர் வைத்தாலும் ஒருநாள் ஒழுகும். தகரங்களை மேற்குக் கோடியிலிருந்து அடுக்கத் தொடங்கினால், கிழக்குத் தகரம் மேற்குத் தகரத்தின் மேல் படியும். மழைக்காற்றால் இணைப்பின் விளிம்புக்குள் நுழைய முடியாது. கோடை வெப்பத்துக்குத் தகரத்தின் மேல் கீற்றைப் பரப்பிக் கட்டிக்கொள்ளலாம்.

தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை அடி உயர்த்தி, மணல் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, சிமெண்டு பூசிவிடுங்கள். அதன் மேல் 3 முதல் 4 அங்குலத்துக்கு உமியோ கடலைத்தோலோ பரப்பி, நாள்தோறும் கிளறிவிடவேண்டும். ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிப் பாருங்கள்: கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, அந்த இடத்து உமியை அள்ளி மாற்றவேண்டும். ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். தண்ணீர்க் கலத்தைக் கூட்டுக்கு வெளியே வைத்தாலே இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலை உங்கள் ஊருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கால்களை 2 அடி ஆழத்தில் நட்டுக் கான்கிரீட் இட்டு, கூரைச் சட்டங்களைக் கால்களோடு கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். நீட்டிய இறவாணத்தைக் காற்று அடியிலிருந்து தூக்கும் என்பதால் அதற்கும் முட்டுக்கால் தேவை. ஆயினும் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எந்தக் கூட்டையும் நம்பாமல், கோழிகளை வீட்டுக்குள் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவதே முறை.

கேள்வி: கோழிவலை அடித்தும் கீரி புகுந்து குஞ்சுகளைத் தூக்கிப் போகிறது. என்ன செய்வது?
– வாசகர், சிதம்பரம்

பதில்: கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், கீரி உள்ளே வராமல் தடுக்க அது பயன்படாது. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு வலையை வாங்கி, கூட்டைச் சுற்றி ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்குங்கள். தோண்ட முடியாத தரையானால், வலையை வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் படுக்கவைத்து மேலே கல் அடுக்கலாம். கதவின் அடிப்பகுதியையும் பாருங்கள். மழையில் மரம் இற்றுப்போய் இடுக்கு விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: மழைக்குளிருக்குக் கூட்டில் மின்விளக்கு எரியவிட வேண்டுமா?
– வாசகி, கடலூர்

பதில்: வளர்ந்த கோழிகளுக்குத் தேவையில்லை. தரையில் படுக்காமல் உட்கார, ஆளுக்கு 8 அங்குலம் வீதம் ஒரு மரக்கொம்பு குறுக்கே கட்டினால், ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ளும். தாயில்லாத குஞ்சுகளுக்கு மட்டும், குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு போடலாம், எல்.இ.டி. விளக்கில் வெளிச்சம் கிடைக்குமே தவிர, போதிய சூடு கிடைக்காது. ஒயரை உமியில் படாமல், கோழி கொத்தாத உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள்.